ஸ்டீயரிங் நடுங்கினால் அலைன்மென்ட்தான் காரணமா?

சிங்கப்பூர் விரைவுச்சாலையில் அதிகபட்சம் மணிக்கு 90 கிலோமீட்டர்தான் ஓட்டலாம். துவாஸ் எல்லைச் சாவடியைத் தாண்டி மலேசியாவின் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையைப் பிடித்தால் 110. இங்கே சாதுவாக ஓடிய வண்டி அங்கே போனதும் ஸ்டீயரிங்கில் நடுங்க ஆரம்பிப்பதற்கு இந்த 20 கிலோமீட்டரே போதும். பள்ளி விடுமுறையில் நியூசிலாந்துக்குப் போய் மோட்டார்ஹோம் (படுக்கை, சமையல் வசதியோடு கூடிய வீட்டு வண்டி) வாடகைக்கு எடுப்பவர்களும் ஊருக்குள் எதையும் உணராமல், வெளிச்சாலையில் வேகம் ஏறிய பிறகுதான் இந்த நடுக்கத்தைக் கவனிப்பார்கள். உடனே வாயில் வருவது, "அலைன்மென்ட் போயிடுச்சு." பெரும்பாலும் அது அலைன்மென்ட் கோளாறு இல்லை, பேலன்சிங் கோளாறு. இரண்டும் வேறு வேறு. சக்கரங்கள் சரியான திசையிலும் கோணத்திலும் நிற்கும்படி அமைப்பது அலைன்மென்ட். சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாகும்படி ரிம்மில் சிறு எடைக்கட்டிகளைப் பொருத்துவது பேலன்சிங்.

பேலன்சிங்கை முதலில் பார்ப்போம். எந்த டயரும் ரிம்மும் சுற்றிலும் ஒரே எடையாக அமைவதில்லை. ஏதாவது ஓர் இடம் கொஞ்சம் கனமாக இருக்கும். மோட்டார்ஹோம்களில் பரவலாகக் காணப்படும் 225/75 ஆர்16 அளவு டயர், 90 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குச் சுமார் 11 முறை சுற்றுகிறது. ரிம்மின் விளிம்பில் 50 கிராம் மட்டும் கூடுதலாக இருந்தாலும், அந்த வேகத்தில் அது அச்சை ஏறக்குறைய 5 கிலோ எடைக்குச் சமமான விசையோடு வெளிப்பக்கமாக இழுக்கும். 110-ல் அதே 50 கிராம் 7 கிலோ ஆகிவிடும். வேகம் ஒன்றரை மடங்குகூட ஏறவில்லை, விசை மட்டும் ஒன்றரை மடங்காகிறது. காரணம், விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதுதான்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. சக்கரமும், அதை வண்டியோடு இணைக்கும் ஸ்பிரிங் அமைப்பான சஸ்பென்ஷனும் சேர்ந்து தமக்கென ஓர் இயல்பான அதிர்வெண்ணில் துள்ளும். பல வண்டிகளில் அது நொடிக்கு 10 முதல் 15 முறை. சக்கரம் சுற்றும் வேகம் அந்த எண்ணைத் தொடும்போது சின்ன உதறலும் பெரிதாகிவிடுகிறது. சில வண்டிகள் குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் ஆடி, அதைத் தாண்டியதும் அடங்குவது இதனால்தான். ஸ்டீயரிங் ஆடினால் முன் சக்கரத்தைப் பாருங்கள். இருக்கை அதிர்ந்தால் பெரும்பாலும் பின் சக்கரம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் பிரேக் டிஸ்க்கைச் சந்தேகிக்க வேண்டும்.

ரிம்மின் உட்பக்கத்தைக் குனிந்து பாருங்கள். பசை காய்ந்த சதுரத் தடம் மட்டும் தெரிந்தால், அங்கே ஒட்டியிருந்த எடைக்கட்டி எங்கோ விழுந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம், மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் மோட்டார்ஹோமில் டயரின் அடிப்பாகம் தட்டையாகிவிடும். சில கிலோமீட்டர் ஓடி டயர் சூடானதும் அது சரியானால் நல்லது. சரியாகாவிட்டால் எத்தனை எடைக்கட்டி ஒட்டினாலும் பயனில்லை. எடையைச் சமப்படுத்தலாம், வட்டமாக இல்லாத டயரை வட்டமாக்க முடியாது.

அலைன்மென்ட் கோளாறு இப்படி ஆர்ப்பாட்டம் செய்யாது. சத்தமில்லாமல் டயரைத் தின்றுவிடும். சக்கரம் போக வேண்டிய திசையிலிருந்து கால் டிகிரி மட்டும் திரும்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் சுமார் 4 மீட்டர் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. வண்டியை நிறுத்திவிட்டு, டயர் ஆறியதும் அதன் மேல் உள்ளங்கையைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் போகும்போது வழவழப்பாகவும் திரும்பி வரும்போது ரம்பப் பல் போலவும் உறுத்தினால் அலைன்மென்ட்டைச் சந்தேகிக்கலாம். நேரான சாலையில் ஸ்டீயரிங் கோணலாக நிற்பதும், வண்டி ஒரு பக்கம் இழுப்பதும் மற்ற அறிகுறிகள். ஆனால் லேசாக இடப்பக்கம் இழுத்தால் பதற வேண்டாம். மழைநீர் வடிவதற்காகச் சாலைகள் ஓரம் சரிந்திருக்கும், நாம் ஓட்டுவதும் இடப்பக்கம்தான்.

காருக்கும் மோட்டார்ஹோமுக்கும் பெரிய வித்தியாசம் சுமையில்தான் இருக்கிறது. 100 லிட்டர் தண்ணீர் என்றாலே 100 கிலோ. பின் அச்சுக்குப் பின்னால் வண்டியின் உடல் நீண்டிருப்பதால் அங்கே வைக்கும் எடை நெம்புகோல் போல வேலை செய்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 4 மீட்டர் உள்ள வண்டியில், பின் அச்சுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் 100 கிலோ ஏற்றினால், பின் அச்சில் 137 கிலோவுக்கு மேல் கூடும். முன் அச்சில் 37 கிலோவுக்கு மேல் குறையும். சஸ்பென்ஷன் உயரம் மாறும். அதோடு சக்கரத்தின் கோணங்களும் மாறும். சமையல் அடுப்பு, குளிர்ப்பெட்டி எல்லாம் ஒரே பக்கம் இருந்தால் இட வல எடையும் சமமாக இருக்காது.

அதனால் காலி வண்டியை அலைன்மென்ட்டுக்கு விடுவது, என் கணிப்பில், பாதி வேலைதான். தண்ணீர்த் தொட்டி, எரிவாயு, பயணச் சாமான் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டே ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். முதலில் அச்சு எடைக்கேற்ற காற்றழுத்தம், அடுத்து டயர் சோதனை, பிறகு பேலன்சிங், கடைசியாக அலைன்மென்ட். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகள் உள்ள தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் பின் அச்சின் அளவும் இருக்க வேண்டும். பின் அச்சு கோணலாக இருந்தால், முன் சக்கரத்தை மட்டும் சரிசெய்து வண்டியை நேராக ஓட வைக்க முடியாது.