பத்தாம் நாள் யார் இருப்பார்கள்?

பேரிடர் நடந்த மூன்றாம் நாள் நிவாரணக் கிடங்குக்குள் போனால் கால் வைக்க இடம் இருக்காது. பழைய துணி மூட்டைகள், உடைந்த பொம்மைகள், காலாவதியாக ஒரு வாரமே இருக்கும் ரொட்டிப் பொட்டலங்கள். உதவி கேட்டு வருபவர்களிடம் பேச வேண்டிய ஆட்கள் உட்கார்ந்து துணி பிரித்துக்கொண்டிருப்பார்கள். பத்தாம் நாள் போய்ப் பாருங்கள். துணி அப்படியே இருக்கும், கொண்டுவந்தவர்கள் இருக்கமாட்டார்கள்.

கத்தோலிக்க நிவாரணப் பணிகளில் பயனாளிப் பட்டியலும் கணக்கும் பார்ப்பதுதான் என் வேலை. இந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 1617 நினைவுக்கு வரும்.

அந்த ஆண்டு ஆகஸ்டில், பிரான்சின் ஷாத்தியோன் என்ற சிற்றூரில் வின்சென்ட் தே பவுல் பங்குத்தந்தையாக இருந்தார். ஞாயிறு திருப்பலிக்கு அவர் உடை அணிந்துகொண்டிருந்தபோது ஒரு பெண்மணி வந்தார். ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் எல்லோருமே நோயில் படுத்துவிட்டார்கள், பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றார். வின்சென்ட் அதை மறையுரையில் சொன்னார். பிறகு அவரே கிளம்பிப் போனால், வழியெல்லாம் பெண்கள், போவதும் வருவதுமாக. வீட்டில் உணவு குவிந்து கிடந்தது. அவர் மனதுக்குள் வேறு கணக்கு ஓடியது: இன்று வந்ததில் பாதி கெட்டுப்போகும், நாளை மறுநாள் என்ன செய்வார்கள்? சில நாட்களிலேயே அந்தப் பெண்களை அழைத்து, ஆளுக்கொரு நாள் என்று முறை வைத்தார்.

அவர்களுக்காக அவர் எழுதிய ஒழுங்குமுறையில் ஒரு குறிப்பு உண்டு. நோயாளிகளைப் பார்க்கப் போகும்போது, பக்கத்தில் ஆள் இருப்பவரிடம் தொடங்கி, தனியாகக் கிடப்பவரிடம் முடிக்க வேண்டும். அப்போதுதான் அவரோடு கூடுதல் நேரம் இருக்கலாம். தன்னார்வலர் பயிற்சியில் இதை நான் சொல்லாமல் விட்டதே இல்லை.

ஏனென்றால், நம் விநியோக வரிசை தனியாள்வரை போய்ச் சேர்வதே இல்லை. உடம்பில் தெம்பு இருப்பவரும் தூக்கிவர ஆள் இருப்பவரும் முன்னால் நிற்பார்கள். படுக்கையில் இருப்பவர் வரிசைக்கே வரமாட்டார். பட்டியலும் அப்படித்தான். வீட்டுக்கு ஒரு பெயர் என்று எழுதினால், உறவினர் வீட்டில் ஒண்டியிருக்கும் விதவையின் பெயர் அதில் விழாது. ஒருமுறை நானே கையெழுத்துப் போட்ட பட்டியலில் இப்படி ஒரு மூதாட்டி விடுபட்டார். சரிபார்க்கப் போன தன்னார்வலர் பின்னறையில் இருமல் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்ததால்தான் தெரிந்தது. அதிலிருந்து, "இந்த வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார்?" என்றும் கேட்கச் சொல்கிறேன்.

வீட்டுக்கே போய்ப் பார்ப்பது புது உத்தி அல்ல. 1833-இல் பாரிஸில், இருபது வயது மாணவர் பிரெடெரிக் ஓசானாம் நண்பர்களோடு புனித வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கியபோது, ஏழைகளின் வீட்டுக்கு எப்படிப் போவது என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அருட்சகோதரி ரோசலி ரெந்து. அந்தச் சபை இன்று சுமார் 150 நாடுகளில் இருக்கிறது. இன்றும் வீடு சந்திப்புதான் அதன் முதுகெலும்பு.

சரி, எதைக் கொடுப்பது? போரோ வறட்சியோ முடிந்ததும் லாரியில் விதை ஏற்றி அனுப்புவது பழைய வழக்கம். போய் விசாரித்தால், பல இடங்களில் உள்ளூர்ச் சந்தையில் விதை இருந்தது, வாங்கத்தான் காசில்லை. அதனால் 1943-இல் அமெரிக்க ஆயர்கள் தொடங்கிய கத்தோலிக்க நிவாரண சேவை போன்ற அமைப்புகள் விதைச் சந்தை நடத்தத் தொடங்கின. விவசாயி கையில் காசுக்குப் பதிலாக ஒரு சீட்டு. தன் மண்ணுக்கு எது வரும் என்று அவரே பார்த்து வாங்கிக்கொள்வார். விற்பவரும் பக்கத்து ஊர்க்காரர். பல இடங்களில் பணமாகக் கொடுப்பதும் இதே காரணத்தால்தான்.

"எல்லாம் மதம் மாற்றத்தானே?" என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும், நியாயமான கேள்வி. நிவாரண அமைப்புகளுக்காக 1994-இல் வந்த நடத்தை நெறியை முன்வைத்தவற்றில் கத்தோலிக்க உதவி அமைப்புகளின் உலகக் கூட்டமைப்பான காரித்தாஸ் இன்டர்நேஷனாலிஸும் ஒன்று. உதவி தேவையைப் பார்த்துத்தான், சமயக் கருத்தைப் பரப்ப அதைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது அது. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்டும் 2005-இல் தன் முதல் சுற்றுமடலில் அதையே சொன்னார். செபத்துக்கு வந்தால்தான் அரிசி என்று யாராவது சொன்னால், அது திருச்சபையின் விதிக்கே எதிரானது. புகார் செய்யுங்கள்.

புகார் என்றதும் இன்னொன்று. பட்டியல் யார் கையில் இருக்கிறதோ, அதிகாரமும் அவர் கையில்தான். பெயர் சேர்க்கப் பணம் கேட்பதும் உண்டு, அதைவிடக் கேவலமானதைக் கேட்பதும் உண்டு. சிறுவர்களையும் நலிந்தவர்களையும் பாதுகாப்பதில் திருச்சபைக்கு வெட்கப்பட வேண்டிய வரலாறு இருக்கிறது. மழுப்பிப் பயனில்லை. ஆகவே உதவி இலவசம் என்று எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதிவைக்க வேண்டும். புகார் வாங்குபவர் பொருள் கொடுப்பவராக இருக்கவே கூடாது. இந்த இரண்டும் இல்லாத இடத்துக்கு நான் நன்கொடை தரமாட்டேன், நடத்துபவர் எவ்வளவு புனிதராக இருந்தாலும்.

ஒருமுறை ஒரு பங்குக் கோவிலிலிருந்து போன் செய்து, லாரி நிறையத் துணி அனுப்பட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அவர்களுக்குக் கோபம்தான். இரண்டு மாதம் கழித்து, படுக்கையில் இருப்பவர்களைப் பார்க்க வாரம் இருவர் வர முடியுமா என்று கேட்டேன். முணுமுணுத்தாலும் பெயரும் நாளும் போட்டு அட்டவணை அனுப்பினார்கள். மூன்றாம் வாரம் ஒருவர் வரவில்லை. யாருடைய முறை என்று எழுதியிருந்ததால், மாலைக்குள் மாற்று ஆள் போய்விட்டார்.