பழுதான ரைஃபிளை நிறுவனத்துக்கு அனுப்பும் முன்

துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பதைத் தொழிலாகக் கொண்ட என்னிடம் வரும் ரைஃபிள்களில் கணிசமானவை, உண்மையில் என்னிடம் வந்திருக்கவே கூடாதவை. உத்தரவாதக் காலம் முடியாத, தயாரித்த நிறுவனமே தன் செலவில் சரிசெய்து தரக் கடமைப்பட்ட ரைஃபிளை, நண்பர் ஒருவர் திருப்புளியால் கிளறிப் பார்த்த பிறகு, ‘கம்பெனியில் முடியாது என்று சொல்லிவிட்டார்கள்’ என்ற மனக்குறையோடு கொண்டு வருவார்கள். வாடிக்கையாளர் சேவைப் பிரிவுகளின் மெத்தனத்தைப் பற்றி அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் மறுப்புக் கடிதங்களைப் படித்துப் பார்த்தால், பெரும்பாலான கோரிக்கைகள் ரைஃபிள் பெட்டியில் ஏறுவதற்கு முன்பே தோற்றுப்போயிருப்பது தெரியும். குறை எதனால் வந்தது என்று காட்டக்கூடிய சான்றை உரிமையாளரே துடைத்தோ, திருகியோ, தூக்கி எறிந்தோ அழித்திருப்பார்.

உத்தரவாதப் பத்திரம் எதற்குப் பொறுப்பேற்கிறது என்பதை வாங்கிய அன்றே படித்துவிடுவது நல்லது. மூலப்பொருளிலும் செய்நேர்த்தியிலும் உள்ள குறைகளுக்கு மட்டுமே பெரும்பாலான நிறுவனங்கள் பொறுப்பேற்கின்றன. அதுவும் பல நேரங்களில் முதல் உரிமையாளருக்கு மட்டும். தேய்மானம், துரு, சுத்தம் செய்யாமை, குழலை அறுத்துக் குறைத்தல், வேறு நிறுவனத்தின் டிரிகரைப் பொருத்துதல் ஆகியவை விலக்குகளில் இருக்கும். வீட்டில் மறுநிரப்பிய தோட்டாக்களைச் சுட்டதால் ஏற்பட்ட சேதமும் ஏறக்குறைய எல்லா நிறுவனங்களின் விலக்குப் பட்டியலிலும் இடம்பெறும். வாழ்நாள் உத்தரவாதம் என்ற சொல் யாருடைய வாழ்நாளைக் குறிக்கிறது என்பதையும் பத்திரத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்கு நேர்மாறாக, அமெரிக்காவின் ரூகர் நிறுவனம் எழுத்துவடிவ உத்தரவாதம் எதையும் தருவதில்லை. ஆனாலும் பழுதுபார்ப்பில் நல்ல பெயர் எடுத்திருக்கிறது. தாளில் இருப்பதும் நடைமுறையில் கிடைப்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

குறைகள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. பாதுகாப்பைத் தொடும் குறையையும் துல்லியம் பற்றிய குறையையும் முதலிலேயே பிரித்துக்கொள்ள வேண்டும். டிரிகரைத் தொடாமலே சேஃப்டியை (பாதுகாப்புப் பூட்டை) விடுவித்த கணத்தில் வெடித்தது, தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் போல்ட்டை மூடும்போது வெடித்தது, லேசாகத் தட்டியதும் ஊசி விழுந்தது என்பன முதல் வகை. இவற்றில் எது ஒருமுறை நடந்தாலும் அந்த ரைஃபிளிலிருந்து தோட்டாக்களை இறக்கி, காலி என்று உறுதிசெய்து, பூட்டி வைத்துவிட வேண்டும். மறுபடியும் நடக்கிறதா என்று தோட்டா ஏற்றிச் சோதிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைவிட ஆபத்தான பரிசோதனை இந்தத் தொழிலில் இல்லை. எப்போதாவது மட்டும் தலைகாட்டும் குறையாக இருந்தாலும், பத்து முறை ஒழுங்காக இயங்கியதை அது சரியாகிவிட்டதற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதற்கு வெளிப்படையான ஓர் உதாரணம், ரெமிங்டன் நிறுவனம் 2014 ஏப்ரலில் விடுத்த அறிவிப்பு. 2006 மே 1 முதல் 2014 ஏப்ரல் 9 வரை தயாரான, எக்ஸ்-மார்க் புரோ டிரிகர் பொருத்திய மாடல் 700, மாடல் செவன் ரைஃபிள்களை அது திரும்ப அழைத்தது. டிரிகர்களைக் கோக்கும்போது பூசப்பட்ட பிணைப்புப் பொருள் சிலவற்றில் அளவுக்கு மிஞ்சிப்போனதால், சில சூழல்களில் அவை தாமாகவே வெடிக்கக்கூடும் என்பதுதான் காரணம். உடனே பயன்படுத்துவதை நிறுத்தும்படியும், ரைஃபிளைத் தங்களிடம் அனுப்பும்படியும் உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்ட நிறுவனம், அனுப்பும் செலவையும் ஆய்வுச் செலவையும் தானே ஏற்றது. இந்தக் குறையை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. அதனால் எந்த ரைஃபிளில் என்ன குறை தோன்றினாலும், முதல் வேலையாக அதன் மாடலையும் வரிசை எண்ணையும் வைத்துத் திரும்ப அழைக்கும் அறிவிப்பு ஏதேனும் இருக்கிறதா என்று நிறுவனத்திடமே கேளுங்கள். அப்படி இருந்தால் உத்தரவாதக் காலம், முதல் உரிமையாளர் போன்ற நிபந்தனைகள் பெரும்பாலும் குறுக்கே வருவதில்லை.

அடுத்து, சுட்ட தோட்டாவின் உலோக உறை வெளியே வராமல் சிக்கிக்கொள்வது, போல்ட் இறுகிப்போவது, உறை கிழிவது போன்ற சிக்கல்கள். இவற்றில் குற்றம் ரைஃபிளிடமா தோட்டாவிடமா என்பதுதான் நிறுவனத்தின் முதல் கேள்வி. அதற்கான பதில் நீங்கள் தரையில் விட்டுவந்த உறைகளில் இருக்கிறது. பிரைமர் (உறையின் அடியில் ஊசி தாக்கும் பற்றவைப்பு மூடி) தட்டையாகி விளிம்பு வரை பரவியிருந்தால், உறையின் அடிப்பகுதியில், சுட்ட உறையை வெளியே தள்ளும் எஜெக்டர் துளையின் பளபளப்பான வட்டத் தடம் பதிந்திருந்தால், அழுத்தம் மிகையாகியிருக்கலாம் என்று கொள்ளலாம். உறையின் அடிக்குச் சற்று மேலே சுற்றிலும் வெளிறிய வளையம் தெரிந்தால், ஹெட்ஸ்பேஸ், அதாவது மூடிய போல்ட்டுக்கும் தோட்டா தாங்கி நிற்கும் இடத்துக்கும் இடையேயான தூரம், அதிகமாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த அளவைக் கண்ணால் மதிப்பிட முடியாது. அதற்கென்று உள்ள அளவிகளில், .308 வின்செஸ்டர் என்ற தோட்டா வகைக்கு ‘கோ’ அளவி 1.630 அங்குலம், ‘நோ-கோ’ அளவி 1.634 அங்குலம், ‘ஃபீல்டு’ அளவி 1.638 அங்குலம், ஏற்புக்கும் எச்சரிக்கைக்கும் இடையே இருப்பது ஆயிரத்தில் நான்கு பங்கு அங்குலம்தான். எனவே சுட்ட உறைகளைக் கழுவாமல் ஒரு பையில் போட்டு வையுங்கள். மிச்சமிருக்கும் தோட்டாக்களை அவற்றின் சொந்தப் பெட்டியிலேயே, லாட் எண் (தயாரிப்புத் தொகுப்பின் எண்) தெரியும்படி பத்திரப்படுத்துங்கள். தவறு தோட்டாவுடையது என்று பின்னர் தெரியவந்தால், ஈடு கேட்க வேண்டிய இடம் தோட்டா நிறுவனம். லாட் எண் இல்லாமல் அங்கே பேச்சே எடுபடாது.

துல்லியம் பற்றிய புகார்களில்தான் இரு தரப்புக்கும் மனத்தாங்கல் அதிகம். ‘ஒரு எம்.ஓ.ஏ.வுக்குள் சுடும்’ என்ற வாக்குறுதியை நம்பி வாங்கியவர், 100 மீட்டரில் ஐந்து குண்டுகள் 40 மில்லிமீட்டர் பரவிய இலக்குத் தாளைக் காட்டுகிறார். ஒரு எம்.ஓ.ஏ. (ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கான கோண அளவு) என்பது அந்தத் தூரத்தில் சுமார் 29 மில்லிமீட்டர். கணக்கு தெளிவாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் அந்த வாக்குறுதி பெரும்பாலும் மூன்று குண்டுத் தொகுதிக்கு (தொடர்ந்து சுட்ட மூன்று குண்டுகளின் பரவலுக்கு), நிறுவனம் குறிப்பிடும் தரமான ஆலைத் தோட்டாக்களைக் கொண்டு, உறுதியான தாங்கியில் வைத்துச் சுட்டால் என்று வரையறுக்கப்பட்டிருக்கும். அதே ரைஃபிளில், அதே தோட்டாவில், ஐந்து குண்டுத் தொகுதி மூன்று குண்டுத் தொகுதியைவிடச் சராசரியாகக் கால் பங்குக்கும் சற்று அதிகமாகவே பரவும். இது ரைஃபிளின் குறையன்று, நிகழ்தகவின் இயல்பு. மூன்று குண்டில் சராசரியாக 29 மில்லிமீட்டர் தரும் ரைஃபிள் ஐந்து குண்டில் ஏறத்தாழ 37 மில்லிமீட்டர் தரும் என்னும்போது, மேலே சொன்ன 40 மில்லிமீட்டர் தாள் எதையுமே நிரூபிப்பதில்லை. விளம்பரத்தில் பெரிய எழுத்திலும் நிபந்தனையில் சிறிய எழுத்திலும் அச்சிடும் பழக்கத்தை நான் நியாயப்படுத்தவில்லை. ஆயினும் அவர்கள் வைத்த நிபந்தனைப்படியே சுட்ட பல தொகுதிகளை, ஒன்றையும் ஒதுக்காமல், தேதி, தோட்டா, தூரம் குறித்து அனுப்பினால் அதை அவர்களால் எளிதில் தள்ள முடியாது. நல்ல தாள்களை விட்டுவிட்டு மோசமானதை மட்டும் அனுப்புவது, பெஞ்சில் அமர்ந்திருக்கும் அனுபவசாலிக்கு உடனே தெரிந்துவிடும்.

அதற்கு முன்பு, உத்தரவாதத்துக்குப் பங்கம் வராத சில சோதனைகளை நீங்களே செய்து முடித்திருக்க வேண்டும். ஸ்கோப்பின் தாங்கித் திருகுகளும், ரைஃபிளின் பிடிக்கட்டையான ஸ்டாக்கோடு இயங்குபகுதியைப் பிணைக்கும் திருகுகளும் கையேட்டில் சொன்ன முறுக்கு அளவில் இருக்கின்றனவா என்று முறுக்குமானியால் பாருங்கள். ஸ்டாக்கைத் தொடாமல் நிற்கும் குழல் என்று சொல்லப்பட்ட ரைஃபிளாயின், குழலுக்கும் ஸ்டாக்குக்கும் இடையே ஒரு தாள் தடையின்றி நழுவிச் செல்ல வேண்டும். அப்படிச் சொல்லப்படாத, குழல் ஸ்டாக்கின் மீது அழுத்தமாகத் தங்கும்படி வடிவமைக்கப்பட்ட ரைஃபிள்களும் உண்டு என்பதால் கையேட்டைப் பார்த்த பின்னரே முடிவுக்கு வர வேண்டும். குழலில் படிந்த செம்பை நீக்கிவிட்டு, வேறொரு ஸ்கோப்பை மாற்றியும் சுட்டுப் பாருங்கள். துல்லியப் புகாரோடு என் மேசைக்கு வந்தவற்றில், ஸ்கோப்போ திருகோ காரணமாக இருந்தவை ஏராளம். இந்தச் சோதனைகளைச் செய்தாயிற்று என்று கடிதத்தில் எழுதியிருந்தால், ‘திருகுகளை இறுக்கினோம், திருப்பி அனுப்புகிறோம்’ என்ற வழக்கமான பதிலுக்கு இடமிருக்காது. டிரிகரின் எடையைத் திருகிக் குறைப்பது, தோட்டா அமரும் சேம்பரை மெருகேற்றுவது, மூடி முத்திரையிட்ட பகுதிகளைத் திறப்பது ஆகியவற்றில் மட்டும் கை வைக்காதீர்கள்.

கடிதம் ஒரே பக்கத்தில் இருந்தால் போதும். மாடல், வரிசை எண், வாங்கிய தேதி, ரசீது நகல், இதுவரை சுட்ட தோட்டாக்களின் தோராய எண்ணிக்கை, பயன்படுத்திய தோட்டாவின் பெயரும் லாட் எண்ணும், குறை தோன்றும் சூழல் என எழுதுங்கள். ‘சில நேரம் வேலை செய்யவில்லை’ என்று எழுதினால் பழுதுபார்ப்பவருக்கு ஒன்றும் விளங்காது; ‘குழல் சூடேறிய பிறகு, மேகசினிலிருந்து ஏற்றும் கடைசித் தோட்டாவின் மூக்கு சேம்பரின் விளிம்பில் முட்டுகிறது’ என்று எழுதினால் அவர் அந்த நிலையை உண்டாக்கிப் பார்ப்பார். கோபத்தை வேறு தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம். தொலைபேசியில் பேசியதை அன்றே மின்னஞ்சலாகவும் அனுப்பி, கோரிக்கை எண்ணைப் பெற்றுக்கொள்ளுங்கள். அந்த எண் இல்லாமல் வந்த பெட்டிகள் பல நிறுவனங்களின் கிடங்கில் வாரக்கணக்கில் கிடக்கும்.

அனுப்புவதில் சட்டம் முதலில் வருகிறது. உரிமம், அனுமதி, யார் யாருக்கு அனுப்பலாம் என்ற விதிகள் நாட்டுக்கு நாடு மாறுவதால், கூரியரிடம் போவதற்கு முன்பே உரிமம் வழங்கிய அதிகாரியிடமோ அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடமோ எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். நிறுவனம் வேறு நாட்டில் இருந்தால் ஏற்றுமதி, இறக்குமதி அனுமதிகளும் சேர்ந்துகொள்வதால், அந்நிறுவனத்தின் அதிகாரபூர்வ இறக்குமதியாளர் வழியாகவே உத்தரவாதம் செல்லுபடியாவது வழக்கம். பெட்டியில் தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஸ்கோப், தோள் வார், பைபாட் (இருகால் தாங்கி) ஆகியவற்றைக் கழற்றி வைத்துக்கொண்டு, எல்லாப் பக்கங்களையும் வரிசை எண்ணையும் படமெடுத்து, முழு மதிப்புக்குக் காப்பீடு செய்யுங்கள். உறைகளையும் இலக்குத் தாள்களையும் ரைஃபிளோடு அனுப்பும்போது, சிலவற்றை உங்களிடமும் நிறுத்தி வையுங்கள்.

‘வரையறைக்குள் உள்ளது’ என்ற ஒற்றை வரியோடு ரைஃபிள் திரும்பி வருவது அபூர்வமன்று. எந்த அளவு எடுக்கப்பட்டது, கிடைத்த எண் என்ன, ஏற்கத்தக்க வரம்பு எது, எந்தத் தோட்டாவில் எத்தனை குண்டுகள் சுடப்பட்டன என்று எழுத்தில் கேளுங்கள். சோதனை இலக்குத் தாளையும் கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லை என்றால் அடுத்த படிநிலை மேலாளரிடம் செல்ல உங்களுக்குத் தக்க காரணம் கிடைத்துவிடுகிறது. பதில் வந்தால், அதை எந்தப் பழுதுபார்ப்பவரும் மீண்டும் அளந்து சரிபார்க்க முடியும்.

நிறுவனமே கைமாறியிருந்தால் நிலைமை வேறு. ரெமிங்டன் 2018லும் 2020லும் திவால் பாதுகாப்பை நாடியது. 2020இல் அதன் சொத்துகள் பிரித்து விற்கப்பட்டபோது, அதற்குச் சொந்தமான மார்லின் என்ற ரைஃபிள் பிராண்டின் பெயர் ரூகரிடம் சென்றது. பெயரை வாங்கியவர் பழைய உத்தரவாதங்களையும் சேர்த்து வாங்கியிருப்பார் என்று எண்ணிக்கொள்ள முடியாது. ரூகர் தயாரிக்கும் மார்லின் ரைஃபிள்களின் வரிசை எண் ‘ஆர்.எம்.’ என்று தொடங்குவதால், எது யார் காலத்துத் தயாரிப்பு என்று அங்கே எளிதாகத் தெரிந்துவிடும். பிற பிராண்டுகளில் தயாரிப்பு ஆண்டைத் தேடிக் கண்டுபிடித்த பிறகே கடிதம் எழுதுவது பயன்தரும்.

திரும்பி வந்த ரைஃபிளை நேராக வேட்டைக்கோ போட்டிக்கோ எடுத்துச் செல்ல வேண்டாம். காலி நிலையில் போலித் தோட்டாக்களைக் கொண்டு சேஃப்டி, டிரிகர், போல்ட் மூன்றையும் சோதித்துவிட்டு, சுடுகளத்தில் ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றிச் சுட்டுப் பாருங்கள். குழலோ போல்ட்டோ மாற்றப்பட்டிருந்தால், அழுத்தச் சோதனை கட்டாயமான, சி.ஐ.பி. என்ற பன்னாட்டுத் துப்பாக்கிச் சோதனை அமைப்பின் உறுப்பு நாடுகளில், உச்ச அழுத்தத்தைவிட 25 சதவீதம் மிகையான தோட்டாவால் மீண்டும் சோதித்த முத்திரை இருக்க வேண்டும். முழு ரைஃபிளையே மாற்றித் தந்திருந்தால் வரிசை எண்ணும் மாறியிருக்கும். பெட்டியைப் பெற்றுக்கொள்ளும் முன்னரே உரிமத்தில் அந்த எண்ணைத் திருத்துவது பற்றி அதிகாரியிடம் பேசிவிடுங்கள். பழைய எண்ணுள்ள உரிமமும் புதிய எண்ணுள்ள ரைஃபிளும் ஒருவர் வீட்டில் சேர்ந்திருந்தால், அதற்கு நிறுவனம் வந்து பதில் சொல்லப் போவதில்லை.