அத்தை வந்தாலும் வெளிநாட்டவர்தான்: தோட்டத்துக்கு வரும் உறவுகளுக்கான விசா விதிகள்

மாசி பிறந்து காமன் கூத்துத் திருவிழா நெருங்கினால், தமிழ்நாட்டின் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கத்திலிருந்து இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு, ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும், வரும் அழைப்புகள் கூடிவிடும். "இந்த வருசமாவது வந்து ஒரு தடவ பாத்துட்டுப் போயிர்றோம்ப்பா" என்பார்கள். பேச்சு முடிகிற நேரத்தில் ஒரு கேள்வி வந்து விழும்: "இந்தியாக்காரங்களுக்கு இப்ப விசா இல்லையாமே?"

விசா உண்டு. அவ்வப்போது இல்லாமல் போவது கட்டணம் மட்டும்தான். 2023 நவம்பரில் இந்தியா, சீனா, ரஷ்யா, ஜப்பான், மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா ஆகிய 7 நாட்டவர்களுக்குச் சுற்றுலா விசாக் கட்டணத்தை இலங்கை அரசாங்கம் தள்ளுபடி செய்தது. "இலவச விசா" என்று செய்தி வந்தது. நம் ஆட்கள் அதை "விசாவே வேண்டாம்" என்று எடுத்துக்கொண்டார்கள். பணம் கட்டத் தேவையில்லாத காலத்திலும் விண்ணப்பம் போட்டு அனுமதி வாங்கித்தான் ஆக வேண்டும். மாலைதீவு, சிங்கப்பூர், சீஷெல்ஸ் நாட்டவர்களுக்கு மட்டும் இந்த முன் அனுமதி தேவையில்லை.

அந்த அனுமதியின் பெயர் ஈ.டீ.ஏ., அதாவது இலத்திரனியல் பயண அனுமதி. 2012 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. வீட்டிலிருந்தே இணையத்தில் விண்ணப்பித்தால் ஒப்புதல் மின்னஞ்சலில் வரும். அதை அச்செடுத்துக் கடவுச்சீட்டோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 2024 ஏப்ரலில் இந்த முறையை மாற்றி ஒரு தனியார் கூட்டமைப்பிடம் கொடுத்தார்கள். விமான நிலையத்தில் ஏகப்பட்ட கூச்சல். வழக்கு போய், ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பர் கடைசியில் பழைய ஈ.டீ.ஏ. திரும்பி வந்தது. அந்தச் சில மாதங்களில் பகிரப்பட்ட இணைப்புகள் இன்னும் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகின்றன. தொடவே வேண்டாம்.

அரசாங்கத்தின் தளம் ஒன்றே ஒன்றுதான்: ஈ.டீ.ஏ. டொட் கவ் டொட் எல்கே (eta.gov.lk). அதே மாதிரி சின்னம், சிங்கக்கொடி எல்லாம் போட்டுக் கூடுதல் பணம் பிடுங்கும் தளங்கள் நிறைய. என் மாமா மகன் அப்படி ஒன்றில் மாட்டி, சும்மா கிடைக்க வேண்டியதற்குக் காசு கட்டினான். முகவரியின் கடைசியில் "கவ் டொட் எல்கே" இல்லை என்றால் மூடிவிடுங்கள். கட்டணம் எவ்வளவு, விலக்கு உண்டா என்பதற்கு விண்ணப்பிக்கிற நாளில் அந்தத் தளம் காட்டுவதுதான் கணக்கு. போன வருடம் வந்து போனவர் சொன்ன தொகையை நம்ப வேண்டாம். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் அவர்களுக்கும் விண்ணப்பம் வேண்டும்.

படிவத்தில் நம் ஆட்கள் தடுமாறும் இடங்கள் இரண்டு. ஒன்று பெயர். தமிழ்நாட்டுக் கடவுச்சீட்டுகளில் குடும்பப் பெயர் என்ற இடம் பல நேரம் வெறுமையாக இருக்கும். தகப்பன் பெயர் முழுதாக ஓரிடத்திலும் முதலெழுத்தாக இன்னோரிடத்திலும் இருக்கும். ரேஷன் அட்டையில் உள்ளதையும் வீட்டில் கூப்பிடுவதையும் விட்டுவிட்டு, கடவுச்சீட்டில் உள்ளதை ஓர் எழுத்துப் பிசகாமல் போட வேண்டும். இலக்கத்தையும் இரண்டு முறை சரிபாருங்கள். கடவுச்சீட்டு இங்கே வந்திறங்கும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும்.

இரண்டாவது, இலங்கையில் தங்கும் முகவரி. இங்கேதான் நமக்கே தலை குனிவு. தொழிலாளர் வரிசை வீடான ஒரு லயத்தில் பத்துப் பன்னிரண்டு குடும்பம், கதவுக்கு இலக்கம் கிடையாது, கடிதம் தோட்டத்துப் பெயருக்குத்தான் வரும். இப்படிப்பட்ட வீட்டுக்கு வருகிறவர் என்ன எழுதுவார்? தோட்டத்தின் பெயர், டிவிசன், லய இலக்கம் இருந்தால் அது, பிறகு தபால் நகரம். இதையே ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதி, உங்கள் தொலைபேசி இலக்கத்தோடு படம் பிடித்து அனுப்பிவிடுங்கள். குடிவரவு மேசையில் "எங்கே தங்குகிறீர்கள்" என்று கேட்கும்போது "அக்கா வீட்டுல" என்று மட்டும் சொல்லி முழிக்கிற நிலை வராது. திரும்பிப் போகும் டிக்கெட்டும் செலவுக்குப் பணமும் காட்டச் சொல்லலாம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் வந்தாலும் இதே விதிதான். கடல்வழி என்பதால் சலுகை எதுவும் இல்லை.

சுற்றுலா விசா என்றால் ஊர் சுற்ற மட்டும் என்று நினைக்காதீர்கள். உறவினரைப் பார்ப்பதும் அதற்குள் அடங்கும், வைத்தியம் பார்ப்பதும் அடங்கும். வேலை மட்டும் கூடாது, சம்பளம் இல்லாமல் செய்தாலும். மாமிக்காக ஒரு கூடை கொழுந்து பறித்துப் போட்டோ எடுப்பதை யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் உறவினர் கடையில் ஒரு மாதம் கல்லாவில் உட்கார்வது வேறு விஷயம்.

கோயில் கமிட்டிக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கும்பாபிஷேகத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து சிவாச்சாரியார்களையும் நாதஸ்வரக் குழுவையும் அழைக்கிறோம். அவர்கள் சொந்தக்காரர்கள் வருகிற மாதிரி சுற்றுலா அனுமதியில் வந்திறங்கக் கூடாது. சமய நிகழ்வு, இசை, நடன நிகழ்வு ஆகியவற்றில் பங்கேற்பது ஈ.டீ.ஏ. படிவத்தில் வர்த்தக நோக்கம் என்ற பிரிவுக்குள் வருகிறது. அந்தப் பிரிவைத் தெரிவு செய்து, கமிட்டியின் அழைப்புக் கடிதத்தையும் கையில் கொடுத்தனுப்புங்கள்.

வந்திறங்கியதும் 30 நாள். அதற்குள் ஒரு முறை வெளியே போய் மீண்டும் வரலாம். கடவுச்சீட்டில் குத்தும் முத்திரையில் உள்ள திகதியை அன்றே பார்த்து, சுவரில் தொங்கும் கலண்டரில் வட்டம் போடுங்கள். கல்யாணம், சடங்கு, திருவிழா என்று ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துக்கொண்டு போகும்போது நாள் ஓடுவது தெரியாது. கூடுதல் நாள் வேண்டுமானால் திகதி முடிவதற்கு முன்பே குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திடம் நீடிப்புக் கேட்க வேண்டும். இணையத்திலும் செய்யலாம், பத்தரமுல்லையில் உள்ள தலைமை அலுவலகத்துக்குப் போயும் செய்யலாம். நீடிப்புக்குத் தனிக் கட்டணம் உண்டு. வந்த நாளிலிருந்து மொத்தம் 6 மாதம் வரை தங்க முடியும். அனுமதி இல்லாமல் தங்கினால் தண்டப்பணம் டொலரில்தான், அதுவும் நூற்றுக்கணக்கில் போகலாம்.

இதெல்லாம் சொல்லி முடித்த பிறகும் எங்கள் அத்தை விடவில்லை. "நான் பொறந்தது டிக்கோயாவுல. எனக்கு எதுக்குடா விசா?" என்றார். 1970களில் தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேறியவர். நியாயமான கேள்விதான், சட்டத்திடம் இதற்கு இடமில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவரைப் போன்ற இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர்களைப் பிரஜையாகவே கணக்கில் எடுக்கவில்லை. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கை, இந்தியப் பிரதமர்கள் கையெழுத்திட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இங்கேயே தங்கியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்க வந்தது. இரட்டைக் குடியுரிமை கேட்கலாமா என்றால், அது இலங்கைப் பிரஜாவுரிமை இருந்து இழந்தவர்களுக்கு உரியது. அத்தைக்கு இழப்பதற்கு அது இருந்ததே இல்லை. இந்தியாவும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை.

ஆகவே படிவத்தில் பிறந்த நாடு என்ற இடத்தில் இலங்கை என்றும், தேசியம் என்ற இடத்தில் இந்தியர் என்றும் போட்டோம். கடவுச்சீட்டில் அப்படித்தான் இருக்கிறது.