டேப்போட கொக்கி ஏன் ஆடுது?

கடையில அளக்குற டேப் புதுசா வாங்கும்போது நுனியில இருக்குற கொக்கிய ஆட்டிப் பாத்துட்டு "அண்ணே, இது லூசா இருக்கு, வேற குடுங்க"ன்னு திருப்பிக் குடுக்குறவங்கள நான் நிறைய பாத்திருக்கேன். அந்த ஆட்டம் வேணும்னே வெச்சது. கொக்கியப் பிடிச்சிருக்குற ரிவிட் போற ஓட்டைய கொஞ்சம் நீளவாக்குல வெட்டியிருப்பாங்க, கொக்கி எவ்வளவு தடிமனோ கரெக்டா அவ்வளவு தூரம்தான் முன்னயும் பின்னயும் நகரும்.

ஏன்னா நாம ரெண்டு விதமா அளக்குறோம். பலகையோட ஓரத்துல கொக்கிய மாட்டி இழுத்தா அளவு கொக்கியோட உள்பக்கத்துல இருந்து ஆரம்பிக்கணும், அதுவே ஒரு அறைக்குள்ள இந்தச் சுவத்துல இருந்து அந்தச் சுவர் வரைக்கும் முட்டி அளந்தா வெளிப்பக்கத்துல இருந்து ஆரம்பிக்கணும். இழுக்கும்போது கொக்கி வெளிய வருது, முட்டும்போது உள்ள போகுது, ரெண்டு தடவையும் பூஜ்யம் சரியான இடத்துல வந்து நிக்குது. டேப்ப கீழ போட்டு கொக்கி வளைஞ்சிடுச்சுன்னா, இல்ல படார்னு சுருள விட்டு விட்டு ஓட்டை பெருசாயிடுச்சுன்னா இந்தக் கணக்கு கெட்டுடும். அதனால நுணுக்கமான வேலைக்கு சில பேர் கொக்கிய நம்பாம 10 சென்டிமீட்டர் கோட்டுல இருந்து அளந்து கடைசியில 10 கழிப்பாங்க, கழிக்க மறந்தா ஒரு பலகை வீண்.

அடுத்தது அந்தத் தகட்டோட வளைவு. வாழை இலையோட காம்பு மேல்பக்கம் வாய்க்கால் மாதிரி குழிஞ்சிருக்கும்ல, அவ்வளவு பெரிய இலைய அது தாங்குறதுக்கு அந்தக் குழிவு பெரிய உதவி. டேப்பும் அதே மாதிரிதான், தட்டையான தகடா இருந்தா நீட்டின உடனே தொங்கிடும், ஓரம் ரெண்டையும் மேல தூக்கி வளைச்சா தகட்டுக்கு ஒரு உயரம் கிடைக்குது, உயரம் இருந்தா சுலபமா மடங்காது. வீட்டுல டேப் இருந்தா இப்பவே செஞ்சு பாருங்க, குழிவு மேல பாக்குற மாதிரி நீட்டுனா ரொம்ப தூரம் நிக்கும், கவுத்துப் பிடிச்சு நீட்டுனா சீக்கிரமே மடங்கிடும். நேரா பிடிக்கும்போது மெல்லிசான ஓரம் ரெண்டும் இழுபடுது, கவுத்தா அதே ஓரம் நசுங்குது, மெல்லிசு தகடு இழுவையத் தாங்கும், நசுங்கலத் தாங்காது. ஸ்பிரிங் டேப்புக்கு அமெரிக்காவுல ஆல்வின் ஃபெல்லோஸ் 1868லயே காப்புரிமை வாங்கிட்டார், ஆனா இந்த வளைஞ்ச தகட்டுக்கு ஹைரம் ஃபாரண்ட் வாங்குனது 1922லதான். நடுவுல ஐம்பது வருஷத்துக்கு மேல ஆயிருக்கு, ஒரு சின்ன வளைவுக்கு.

இந்த டேப்பையும் இன்னும் சில கருவிகளையும் இடுப்புப் பையில வெச்சுக்கிட்டு திரியுறவங்க அமெரிக்காவுல ஃபினிஷ் கார்பென்டர்கள். அங்க வீடுங்க பெரும்பாலும் மரச்சட்டத்துல நிக்குது, மேல ஜிப்சம் போர்டு. எல்லாரும் வேலைய முடிச்சப்புறம் இவங்க வந்து கதவச் சுத்திப் பட்டி, தரையோரம் ஸ்கர்ட்டிங், சீலிங் ஓரத்துல மோல்டிங்னு அடிப்பாங்க. ஜிப்சம் போர்டுல ஆணி பிடிக்காது, பின்னாடி நிக்குற மரத்துலதான் அடிக்கணும், அது வழக்கமா 16 இஞ்சுக்கு ஒண்ணு இருக்கும், அதனாலதான் அமெரிக்க டேப்ல 16, 32, 48னு தனியா குறி போட்டிருக்கும்.

பையில டேப்புக்கு அடுத்து எனக்குப் பிடிச்சது காம்பினேஷன் ஸ்கொயர். லாராய் ஸ்டாரெட் 1879ல காப்புரிமை வாங்குனது. நம்ம மூலைமட்டம் மாதிரிதான், ஆனா ஸ்கேல் நகரும், வேணுங்குற இடத்துல திருகி நிறுத்திக்கலாம். கதவு நிலையோட ஓரமும் பட்டியோட ஓரமும் ஒரே மட்டத்துல இருந்தா அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கண்ணு கண்டுபிடிச்சிடும், அதனால பட்டிய நிலையோட ஓரத்துல இருந்து கால் இஞ்சு பின்னுக்குத் தள்ளி ஒரு படி விட்டு அடிக்கிறாங்க, அந்தக் கால் இஞ்ச ஸ்கொயர்ல ஒரு தடவ செட் பண்ணிட்டு நிலை பூரா அப்படியே ஓட்டிடலாம். ஸ்கொயர் சரியா 90 டிகிரி காட்டுதான்னு பாக்க வேற கருவி தேவையில்ல, நேரான ஓரத்துல வெச்சு ஒரு கோடு, திருப்பிப் போட்டு அதே இடத்துல இன்னொரு கோடு. ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்தா சரி, இல்லன்னா தெரியுற வித்தியாசம் உண்மையான தப்போட ரெண்டு மடங்கு, அதனால சின்னத் தப்பும் கண்ணுல பட்டுடும்.

இனிமே மூலை. இங்கதான் வேலைக்காரனோட கை தெரியும். ஸ்கர்ட்டிங் ரெண்டும் உள்மூலையில சேர்ற இடத்துல ஆளுக்கு 45 டிகிரி வெட்டி சேத்துடலாம்னு தோணும், ஆனா எந்தச் சுவரும் சரியா 90 டிகிரி இல்ல, அதுக்கு மேல மரம் சும்மா இருக்காது. பச்சை மரம் காயும்போது நீளவாக்குல சுருங்குறது 0.1 சதவீதம் அளவுக்குத்தான், ஆனா அகலவாக்குல வெட்டுன விதத்தப் பொறுத்து 3ல இருந்து 10 சதவீதம் கூட சுருங்கும். வீட்டுல அடிச்சப்புறமும் குளிருக்கு ஹீட்டர் போட்டா கொஞ்சம் சுருங்கும், கோடையில உப்பும், 45ல சேத்த மூலை வாயத் தொறந்துடும். அதனால முதல் பலகைய நேரா வெட்டி மூலையில முட்ட வெச்சுட்டு, ரெண்டாவது பலகையோட முனைய முதல் பலகையோட வளைவு நெளிவு அப்படியே வர்ற மாதிரி வெட்டி அதுமேல உக்கார வெப்பாங்க, பின்பக்கம் இன்னும் கொஞ்சம் சரிச்சு எடுத்துட்டா முன்னாடி மெல்லிசு விளிம்பு மட்டும்தான் தொடும். சுவர் 88 டிகிரியா இருந்தாலும் 92ஆ இருந்தாலும் அது பொருந்தும், மரம் சுருங்குனாலும் இடைவெளி பளிச்சுன்னு தெரியாது.

இத வெட்டுறது கோப்பிங் ரம்பம், கம்பி மாதிரி மெல்லிசு அலகு, வில்லு மாதிரி ஒரு சட்டத்துல இழுத்துக் கட்டியிருக்கும். மெல்லிசா இருக்குறதாலதான் வளைஞ்சு திரும்ப முடியுது, மெல்லிசுங்குறதாலயே தள்ளுனா வளைஞ்சிடும், நிறைய பேர் பல்லு கைப்பிடிய பாக்குற மாதிரி மாட்டி இழுத்து வெட்டுறதுக்கு அதான் காரணம். ஜப்பான் ரம்பமும் இந்த விஷயத்த வெச்சுத்தான் இழுத்து வெட்டுது.

கோடு போட பென்சில விட கத்தி எவ்வளவோ மேல். பென்சில் கோட்டுக்கு ஒரு அகலம் இருக்கு, அதுல எந்தப் பக்கம் வெட்டுறதுன்னு ஒரு குழப்பம். கத்திக்கோடு மேல்நாரையே அறுத்துடுது, அதனால சிம்பு கோட்டத் தாண்டிக் கிளம்பாது, உளியோட நுனிய வெச்சா அந்தப் பள்ளத்துலயே போய் உக்காந்துக்கும்.

ஒரு கையில அடங்குற சின்ன இழைப்புளியும் பையில இருக்கும், பிளாக் பிளேன். பலகையோட முனையில நார் நேரா நம்மளப் பாத்து நிக்குறதால சீவுறது கஷ்டம், அலகு எவ்வளவு படுத்த மாதிரி போகுதோ அவ்வளவு சுலபமா அறுக்கும். பெரிய இழைப்புளியில வழக்கமா 45 டிகிரி. சாய்வு குறைஞ்ச பிளாக் பிளேன்ல அலகு 12 டிகிரியில படுத்திருக்கும், தீட்டுன பக்கம் மேல பாக்கும், அந்தத் தீட்டுன சாய்வு 25 டிகிரியையும் சேத்தா 37 டிகிரிதான். பேப்பர் மாதிரி ஒரு சுருள் எடுத்தாலே பொருந்தாத முனை பொருந்திடும்.

கடைசியில நெயில் செட், விரல் நீளத்துக்கு ஒரு இரும்புக் குச்சி. ஆணித் தலை பலகையத் தொடப் போற நேரத்துல சுத்தியல நிறுத்திடணும், இன்னும் ஒரு அடி அடிச்சா ஆணியோட சேத்து மரமும் நசுங்கி வட்டமா பள்ளம் விழும், அது பெயிண்ட் அடிச்சாலும் தெரியும். அங்க குச்சியோட நுனிய ஆணித் தலையில வெச்சு தட்டுனா சுத்தியலோட மொத்த அடியும் ஒரு கடுகு அளவு இடத்துல போய் இறங்குது, மரத்துமேல எதுவும் படாது. நுனியில சின்னதா ஒரு குழி இருக்குறது சறுக்காம இருக்க. ஆணி ரெண்டு மில்லிமீட்டர் உள்ள போனதும் நிறுத்திட்டு புட்டி வெச்சு அடைச்சு, காஞ்சதும் தேய்ச்சு விட்டா, அங்க ஆணி இருந்த இடம் அடிச்சவருக்கே தெரியாது.