குவாரண்டைன்: தனிமையா, காப்பா?

வைரஸ் பற்றிய செய்தி எதுவானாலும் 'தனிமைப்படுத்தல்' என்ற சொல் முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. நோயாளியையும் தனிமைப்படுத்துகிறார்கள், நோயாளியுடன் ஒரே அறையில் இருந்துவிட்டு நலமாக இருப்பவரையும் தனிமைப்படுத்துகிறார்கள். மருத்துவத்தில் இவை வெவ்வேறு. நோய் உறுதியானவரைப் பிரித்துவைப்பது ஐசொலேஷன். தொற்றியிருக்குமோ என்ற ஐயத்தில், நோயரும்பு காலம் (கிருமி உடலில் நுழைந்ததிலிருந்து அறிகுறி தெரியும்வரையுள்ள நாட்கள்) கழியும்வரை ஒருவரை வெளியே நடமாட விடாமல் வைத்திருப்பது குவாரண்டைன்.

1377இல் ரகூசா நகரம் (இன்றைய குரோஷியாவின் துப்ரோவ்னிக்) கொள்ளைநோய் கண்ட இடங்களிலிருந்து வந்தவர்களை ஒரு மாதம் வெளியே நிறுத்தியது. பின்னர் அது நாற்பது நாளாயிற்று. வெனிஸ் மொழியில் நாற்பது நாளைக் குறித்த 'குவாரந்தேனா'விலிருந்து பிறந்ததே இச்சொல். அதில் நாள் கணக்குதான் இருக்கிறது. தனிமை எங்கே இருக்கிறது?

2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் கொரோனா தொற்றால் டைமண்ட் பிரின்சஸ் பயணிகள் கப்பல் நிறுத்தப்பட்டபோது அதில் 3,700 பேருக்கு மேல் இருந்தார்கள். அது தனிமையா? 1969இல் நிலவிலிருந்து திரும்பிய அப்பல்லோ 11 வீரர்கள் மூவரும், நிலவுக் கிருமி வந்திருக்குமோ என்ற அச்சத்தால், ஒன்றாகவே அடைத்துவைக்கப்பட்டார்கள். ஒரு குடும்பமே கதவடைத்து வீட்டில் இருக்கும்போது அதற்கும் தனிமை என்று பெயர் சூட்டுவது பொருளற்றது. தீங்கும் உண்டு: இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால், நோயே இல்லாதவரை அண்டை வீட்டார் நோயாளியாகப் பார்க்கிறார்கள், நாள் முடிந்து வெளியே வந்த பிறகும் அந்தப் பார்வை மாறுவதில்லை.

'ஒதுக்கம்' என்று சொல்லலாமே என்பார்கள். வேண்டவே வேண்டாம். ஒதுக்கிவைத்தல் நம் மொழியில் தண்டனையின் பெயர். குற்றமற்றவர்மேல் அதைச் சுமத்தக் கூடாது.

என் தேர்வு 'தொற்றுக்காப்பு'. உள்ளே இருப்பவரையும் வெளியே இருப்பவரையும் சேர்த்தே காப்பது என்ற கருத்து அதில் இருக்கிறது. 'பத்து நாள் தொற்றுக்காப்பில் இருக்கிறார்' என்று இயல்பாக எழுதலாம். 'தனிமைப்படுத்தல்' ஐசொலேஷனுக்கே இருக்கட்டும்.

அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்துப் போட்டுவிட்டு நகரும் மொழிபெயர்ப்பாளர்களால் வந்த வினை இது. 'தன்னைத்தானே சுய தனிமைப்படுத்திக்கொண்டார்' என்றுகூட எழுதுகிறார்கள். தன்னை, தானே, சுய: ஒரே பொருளுக்கு மூன்று சொற்கள்! 'வீட்டிலேயே இருக்கிறார்' என்றால் யாருக்குப் புரியாது?