பச்சையாக ஒளிர்ந்தால் அது நைட்ரிக் ஆக்சைடா?

மைக்ரோஸ்கோப் அறையில் ஆராய்ச்சி மாணவர்கள் காட்டும் படங்களில் பாதிக்குப் பாதி இந்த ரகம்தான்: செல்கள் பச்சையாக ஒளிரும், கீழே 'நைட்ரிக் ஆக்சைடு உயர்ந்துள்ளது' என்று எழுதியிருக்கும். செல்களே உருவாக்கும் இந்த வாயுவைக் காட்டப் போடும் சாயம் பெரும்பாலும் டிஏஎஃப்-எஃப்எம். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் நாகானோ குழு 1998-இல் வெளியிட்ட டிஏஎஃப்-2 சாயத்தின் தம்பி இது. அமிலத்தன்மை மாறினால் அண்ணன் அளவுக்குத் தடுமாறாது.

நல்ல சாயம்தான். ஆனால் அது நைட்ரிக் ஆக்சைடை நேரடியாகப் பிடிப்பதில்லை. நைட்ரிக் ஆக்சைடு ஆக்சிஜனோடு வினைபுரிந்து டைநைட்ரஜன் டிரை ஆக்சைடு உருவாக வேண்டும். சாயம் அதோடு சேர்ந்துதான் ஒளிரும் டிரையசோலாக மாறுகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடும் பெராக்சிடேஸ் என்சைமும் இருக்கும் செல்லில், சாயம் முதலில் ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டால், அதே அளவு நைட்ரிக் ஆக்சைடுக்கே ஒளி கூடிவிடும். அதாவது கூடியது நைட்ரிக் ஆக்சைடா, ஆக்சிஜனேற்ற அழுத்தமா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. வைட்டமின் சி ஆக்சிஜனேற்றம் அடைந்தால் வரும் டிஹைட்ரோஅஸ்கார்பிக் அமிலமும் சாயத்தோடு சேர்ந்து ஒளிரும். வைட்டமின் சி கொடுத்துச் சோதிப்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

இன்னொன்று, இந்த வினை திரும்பாது. ஒளி சேர்ந்துகொண்டே போகும், குறையாது. நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தி நின்ற பிறகும் பச்சை அப்படியே நிற்கும்.

சரி, கன்ட்ரோல் (ஒப்பிட்டுப் பார்க்கும் தட்டு) வைத்தால் போதாதா? எந்தக் கன்ட்ரோல் என்பதைப் பொறுத்தது. நைட்ரிக் ஆக்சைடை அகற்ற சி-பிடிஐஓ என்ற வேதிப்பொருளைச் சேர்ப்பது வழக்கம். அது நைட்ரிக் ஆக்சைடோடு வினைபுரியும்போது நைட்ரஜன் டை ஆக்சைடு வருகிறது. மீதமுள்ள நைட்ரிக் ஆக்சைடோடு அது சேர்ந்தால், சாயம் தேடும் அதே டைநைட்ரஜன் டிரை ஆக்சைடுதான் கிடைக்கும். ஒளி குறைவதற்குப் பதில் கூடவும் செய்யலாம்! அதனால் உற்பத்தியையே தடுக்கும் எல்-நேம் போட்ட தட்டைத்தான் நான் முதலில் கேட்பேன். அதிலும் ஒளி இறங்கவில்லை என்றால் அந்தப் படத்தை ஒதுக்கிவிடலாம்.

மேக்ரோபேஜ்களுக்கு (கிருமிகளை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்கள்) எல்பிஎஸ் என்ற பாக்டீரியா உறைப்பொருளைக் கொடுத்துத் தூண்டும் சோதனையாக இருந்தால், செல் வளரும் ஊடகத்தில் கிரீஸ் முறையில் (நிறமாற்றத்தை வைத்து அளப்பது), நைட்ரிக் ஆக்சைடு மாறி உருவாகும் நைட்ரைட்டையும் அளந்துவிடுங்கள். மைக்ரோமோலார் அளவில் சேர்ந்திருக்கும், செலவும் அதிகமில்லை. அப்புறம், செல் இல்லாத தட்டு ஒன்றையும் அதே நீல ஒளியில் அதே நேரம் வையுங்கள். ஒளி பட்டே இந்தச் சாயம் கொஞ்சம் பச்சையாகும்.