ஒரே எழுத்து, கட்டளைக்குக் கட்டளை வேறு பொருள்

லினக்ஸ் சர்வர் நிர்வாகப் பணிக்குப் புதிதாக வருகிறவர்களிடம், டெர்மினலில் அடிக்கும் கட்டளைக்குப் பின் ஹைஃபனோடு வரும் 'எஃப்' எதைக் குறிக்கும் என்று கேட்பது என் வழக்கம். கேள்வி கேட்காமல் செய்து முடி என்பதுதான் பொருள் என்று பெரும்பாலோர் சொல்வார்கள். கோப்புகளை அழிக்கும் ஆர்எம் கட்டளைக்கு அது சரி. பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டார் கட்டளையிலோ, அடுத்து வருவது கோப்பின் பெயர் என்று பொருள். கோப்பின் கடைசி வரிகளைக் காட்டும் டெய்லிலோ, கோப்பில் புதிதாகச் சேரும் வரிகளைத் தொடர்ந்து காட்டு என்று பொருள். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சில் போர்ட் எண்ணுக்குச் சிறிய 'பி' என்றால், கோப்புகளை நகலெடுக்கும் அதன் உடன்பிறப்பான எஸ்சிபியில் பெரிய 'பி'.

இப்படி ஹைஃபனோடு வரும் ஆப்ஷன்களை எழுதும் முறைக்கு, யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்காக 1992இல் வெளியான போசிக்ஸ் தரநிலையில் வழிகாட்டு நெறிகள் இருக்கின்றன. ஆனால் அவை எழுத்தை எப்படி இடுவது என்றுதான் சொல்கின்றன. எந்த எழுத்துக்கு என்ன பொருள் என்பதைக் கருவியை எழுதியவரிடமே விட்டுவிடுகின்றன.

இதற்கு நான் கொடுத்த விலை, பயனர் கணக்கை மாற்றும் யூசர்மாட் கட்டளையில். தொலைவிலிருந்த ஒரு சர்வரில் என் கணக்கை, டாக்கர் மென்பொருளைப் பயன்படுத்த அனுமதி தரும் டாக்கர் குழுவில் சேர்க்க வேண்டியிருந்தது. பெரிய 'ஜி' மட்டும் இட்டேன். கூடவே சிறிய 'ஏ' இருந்தால்தான் அது சேர்க்கும், இல்லையென்றால் கொடுத்த பட்டியலை வைத்துக்கொண்டு மற்ற துணைக் குழுக்கள் அனைத்திலிருந்தும் நீக்கிவிடும். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை, வெளியேறும் குறியீடும் வெற்றியைக் குறிக்கும் 0. ஏற்கெனவே திறந்திருந்த அமர்வில் பழைய குழுக்களே செல்லுபடியானதால் அன்று முழுவதும் எதுவும் தெரியவில்லை. மறுநாள் உள்நுழைந்தபோதுதான், நிர்வாகி உரிமையோடு கட்டளைகளை இயக்கும் சூடோ என்னை ஏற்க மறுத்தது. ரூட் எனும் தலைமை நிர்வாகிக் கணக்கின் நுழைவும் மூடப்பட்டிருந்ததால், சர்வரின் நேரடித் திரையான கன்சோல் வழியாகப் போய்ச் சரிசெய்ய வேண்டியதாயிற்று.

கோப்புகளைத் தேடும் ஃபைண்ட் கட்டளையில் எழுத்தை விட வரிசைதான் ஆபத்து. அது நிபந்தனைகளை இடமிருந்து வலமாகப் பார்ப்பதால், 'டெலீட்' என்பதைப் பெயர் நிபந்தனைக்கு முன்னால் வைத்தால் பெயரைப் பார்ப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் அழித்துவிடும். முதலில் 'பிரிண்ட்' இட்டுப் பட்டியலைக் கண்ணால் பார்த்துவிட்டு, அதே இடத்தில் 'டெலீட்' என்று மாற்றுவது நல்லது. எதையும் மாற்றாமல் ஒத்திகை பார்க்க, கோப்புகளை ஒத்திசைக்கும் ஆர்சிங்க்கில் சிறிய 'என்' உண்டு. அதை நம்பி மற்ற கருவிகளிலும் இட்டுப் பார்க்கக் கூடாது, ஏனெனில் வரிகளை வரிசைப்படுத்தும் சார்ட்டில் அது எண் வரிசையைக் குறிக்கும்.

டைரக்டரியில் ஹைஃபனில் தொடங்கும் பெயருடைய கோப்பு இருந்தால், எல்லாக் கோப்புகளையும் குறிக்க இடும் நட்சத்திரக் குறியை, கட்டளைகளைப் படித்து இயக்கும் ஷெல் விரிக்கும்போது அந்தப் பெயரும் ஓர் ஆப்ஷனாகவே கட்டளைக்குப் போய்ச் சேரும். அதைத் தடுக்க, பெயர்களுக்கு முன்னால் தனியாக இரண்டு ஹைஃபன்களை இட வேண்டும். கோப்புகளுக்குள் சொற்களைத் தேடும் கிரெப், ஒன்றும் கிடைக்காதபோது 1, உண்மையான பிழைக்கு 2 என வெளியேறும் குறியீட்டைத் திருப்பித் தருவதையும் ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

டெர்மினலில் கையால் அடிக்கும்போது ஒற்றை எழுத்து போதும். ஸ்கிரிப்டில் மட்டும் நான் இரட்டை ஹைஃபனுடன் முழுப் பெயரையே எழுதுகிறேன். ஆறு மாதம் கழித்து அதைப் படிக்கிறவர், பெரும்பாலும் நானேதான், மேனுவலைத் திறக்காமல் புரிந்துகொள்ளலாம். மேக்ஓஎஸ்ஸுடன் வரும், உரையைத் திருத்தும் செட் போன்ற கருவிகள், லினக்ஸில் வழக்கமான குனூ கருவிகளின் பாணியில் நீண்ட பெயர்களை ஏற்காதபோது, ஒற்றை எழுத்தை இட்டு, மேல்வரியில் அதன் பொருளைக் குறிப்பாக எழுதிவிடுகிறேன்.